தாலுகா ஆபீஸா, யூனியன் ஆபீஸா? தமிழ்நாட்டுல எந்த வேலைக்கு எங்க போகணும் – முழு வழிகாட்டி

தெரு லைட் எரியலன்னு விஏஓ கிட்ட மனு குடுக்கறவங்க இருக்காங்க, பட்டாவுல பேர் மாத்தணும்னு பஞ்சாயத்து தலைவர் வீட்டு வாசல்ல காலங்காத்தால போய் நிக்கறவங்களும் இருக்காங்க. ரெண்டு பேரையும் யாரும் விரட்ட மாட்டாங்க, "சரிங்க பாக்கலாம்"னு மனுவ வாங்கி வச்சுக்குவாங்க, ஆனா வேலை நடக்காது, ஏன்னா அது அவங்க வேலையே கிடையாது. நம்ம ஊர்ல பாதி அலைச்சல் கைநீட்டறவங்களால, மீதி பாதி தப்பான ஆபீஸுக்குப் போறதால. முதல் பாதிக்கு என்கிட்ட மருந்து இல்ல. ரெண்டாவது பாதிய மட்டும் இங்க பாப்போம்.

விஷயம் இதுதான். ஒரே ஊர ரெண்டு தனித்தனி நிர்வாகம் ஆளுது. ஒண்ணு வருவாய்த்துறை, அதாவது கலெக்டர்ல ஆரம்பிச்சு விஏஓ வரைக்கும் வர்ற வரிசை. இன்னொண்ணு உள்ளாட்சி, நீங்க ஓட்டுப் போட்டு அனுப்பற வார்டு மெம்பர், தலைவர், கவுன்சிலர் இருக்கற வரிசை. ரெண்டும் ரயில் தண்டவாளம் மாதிரி பக்கத்துல பக்கத்துலயே ஓடுது, மேல கலெக்டர் கிட்ட போய்த்தான் ஒண்ணா சேருது. கீழ நிக்கற நமக்கு ரெண்டும் "கவர்மெண்ட்"தான், அங்கதான் குழப்பமே.

ஸ்டெப் 1: உங்க இடத்துக்கு ரெண்டு விலாசம் இருக்கு, ரெண்டையும் எழுதி வச்சுக்கங்க

முதல் விலாசம் வருவாய்த்துறை விலாசம்: மாவட்டம், கோட்டம், வட்டம் (தாலுகான்னு சொல்றது இதுதான்), பிர்கா (சில வருவாய் கிராமம் சேந்த உள்வட்டம்), வருவாய் கிராமம், அப்புறம் சர்வே நம்பர், உட்பிரிவு நம்பர். இது எங்க கிடைக்கும்னா உங்க பட்டா சிட்டா பிரிண்ட் அவுட்லயே இருக்கும்.

ரெண்டாவது உள்ளாட்சி விலாசம். கிராமம்னா மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி, வார்டு. டவுன்னா பேரூராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ, அதுல எத்தனாவது வார்டு, பெரிய மாநகராட்சின்னா எந்த மண்டலம். வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, அதுல இருக்கும்.

இந்த ரெண்டு விலாசமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும்னு எந்த கட்டாயமும் இல்ல, பல ஊர்ல பொருந்தாது. ஒரே கிராம ஊராட்சிக்குள்ள ரெண்டு மூணு வருவாய் கிராமம் இருக்கும், ஒரே வருவாய் கிராமம் ரெண்டு ஊராட்சிக்குப் பிரிஞ்சு கிடக்கும். தமிழ்நாட்டுல வருவாய் கிராமம் 16 ஆயிரத்துக்கு மேல, ஆனா கிராம ஊராட்சி சுமார் 12,500தான், கணக்கே வேற. அதனால ஃபார்ம்ல "கிராமம்"னு ஒரு கட்டம் இருந்தா அது எந்த கிராமத்தக் கேக்குதுன்னு பாத்து எழுதுங்க. தாலுகா ஆபீஸ் ஃபார்ம்ல ஊராட்சி பேர எழுதிட்டு வந்து, "உங்க நிலம் இந்த கிராமத்துலயே இல்ல"ன்னு ரிஜெக்ட் ஆகி நிக்கறது ரொம்ப சாதாரணமா நடக்குது.

சென்னைய சுத்தி இருக்கறவங்களுக்கு இது இன்னும் கஷ்டம். தாம்பரத்துல இருக்கறவர் ஊர்ல இருந்து போன் வந்தா "சென்னைலதான் இருக்கேன்"னுதான் சொல்வார், ஆனா அவர் இருக்கறது தாம்பரம் மாநகராட்சி, அவரோட கலெக்டர் ஆபீஸ் செங்கல்பட்டுல. ஆவடிக்காரருக்கு கலெக்டர் ஆபீஸ் திருவள்ளூர்ல. அதே மாதிரி மாவட்டத் தலைநகர்னா அதுதான் பெரிய ஊர்னு நினைக்காதீங்க, சிவகங்கை மாவட்டத்துல சிவகங்கை நகராட்சிதான், மாநகராட்சி ஆனது காரைக்குடி. கும்பகோணமும் ஓசூரும் மாநகராட்சி, ஆனா ரெண்டும் மாவட்டத் தலைநகர் இல்ல.

எம்எல்ஏ தொகுதி, எம்பி தொகுதி எல்லாம் இன்னொரு கோடு, அத இங்க கலக்க வேணாம். போலீஸ் ஸ்டேஷன் எல்லை வேற, சார்பதிவாளர் ஆபீஸ் எல்லை வேற, மின்வாரியத்தோட பிரிவு ஆபீஸ் எல்லையும் வேற. ஒவ்வொரு டிபார்ட்மெண்ட்டும் தனக்குன்னு ஒரு மேப் போட்டு வச்சிருக்கு.

ஸ்டெப் 2: வருவாய்த்துறை வரிசை, மேல இருந்து கீழ

1956 நவம்பர் 1ல மாநில எல்லைகள திருத்தினப்போ 13 மாவட்டம் இருந்துச்சு, இப்ப 38. 2019ல மட்டும் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு அஞ்சு புதுசா வந்துச்சு, கடைசியா 2020ல நாகப்பட்டினத்துல இருந்து மயிலாடுதுறை பிரிஞ்சுது. பழைய பத்திரம், பழைய சாதி சான்றிதழ்ல பழைய மாவட்டம் பேர் இருக்கறதால செல்லாதுன்னு யாராவது சொன்னா பயப்படாதீங்க, அன்னைக்கு எந்த மாவட்டமோ அந்தப் பேர்தான் அதுல இருக்கும். புது விண்ணப்பத்துல மட்டும் இப்போதைய மாவட்டம், இப்போதைய தாலுகா எழுதணும். அந்த ஆறு புது மாவட்டத்துக்காரங்க ஆன்லைன்ல டிராப் டவுன்ல பழைய மாவட்டத்துக்குள்ள போய் தாலுகாவத் தேடிட்டு "எங்க ஊரக் காணோம்"பாங்க, அதுக்குத்தான் சொல்றேன்.

மாவட்டத்துக்கு கலெக்டர். அவருக்குக் கீழ வருவாய் வேலைகளுக்குன்னே டிஆர்ஓ, மாவட்ட வருவாய் அலுவலர். அடுத்து கோட்டம், அதுக்கு ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர். இந்த சீட்டுல ஐஏஎஸ் ஆபீசர் உக்காந்தா சப் கலெக்டர்னு போர்டு இருக்கும், வேலை அதேதான். (வண்டி லைசென்ஸ் குடுக்கற ஆர்டிஓ வேற ஆளு, ஆட்டோக்காரர் கிட்ட சொல்லும்போது கோட்டாட்சியர் ஆபீஸ்னு தெளிவா சொல்லுங்க.) அடுத்து வட்டம், தாசில்தார். தாலுகா ஆபீஸ்ல தாசில்தார் ஒருத்தர் மட்டும் இல்ல, சான்றிதழுக்கு மண்டல துணை தாசில்தார், ரேஷன் கார்டுக்கு வட்ட வழங்கல் அலுவலர், முதியோர் பென்ஷனுக்கு சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி தாசில்தார்னு தனித்தனி ரூம் இருக்கும், உள்ள போனதும் எந்த ரூம்னு கேட்டுட்டு வரிசைல நில்லுங்க.

தாலுகாவுக்குக் கீழ பிர்கா, அதுக்கு ஆர்ஐ, அதாவது வருவாய் ஆய்வாளர். கடைசில வருவாய் கிராமம், அதுக்கு விஏஓ, அவருக்கு உதவிக்கு கிராம உதவியாளர், நம்ம ஊர்ல இன்னும் தலையாரின்னுதான் கூப்பிடறாங்க.

விஏஓங்கற பதவி அப்படி ஒண்ணும் பழசு இல்ல. அதுக்கு முன்னாடி கர்ணம், முன்சீப், மணியக்காரர்னு பரம்பரையா ஒரே குடும்பத்துல வந்துட்டிருந்த வேலை. 1980 நவம்பர்ல எம்ஜிஆர் அரசு அவசரச் சட்டம் போட்டு அத ஒரேயடியா ஒழிச்சுது, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1982ல அரசு செஞ்சது செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் பரீட்சை எழுதி வேலைக்கு வர்ற விஏஓ. இன்னைக்கும் சில கிராமத்துல பெரியவங்க விஏஓவ "கர்ணம்"னே சொல்றத கேக்கலாம்.

விஏஓ கையில என்ன அதிகாரம் இருக்கு? பெரும்பாலும் கையெழுத்துப் போட்டு சான்றிதழ் குடுக்கற அதிகாரம் இல்ல, விசாரிச்சு ரிப்போர்ட் எழுதற வேலை. நிலக் கணக்கு அவர் கிட்ட இருக்கும், அடங்கல் அவர் எழுதுவார், எந்த சர்வே நம்பர்ல என்ன பயிர்னு. பயிர்க்கடன், பயிர் இன்சூரன்ஸுக்கு அந்த அடங்கல்தான் உயிர். அடங்கல்ல பசலின்னு ஒரு வருஷம் இருக்கும், அது ஜூலை 1ல ஆரம்பிச்சு ஜூன் 30ல முடியும், இங்கிலீஷ் வருஷத்துல 590 கழிச்சா பசலி வரும், 2025 ஜூலைல ஆரம்பிச்சது 1435ஆம் பசலி. சாகுபடி பண்ற நிலத்த அடங்கல்ல தரிசுன்னு எழுதி வச்சிருந்தா நஷ்டஈடு வரும்போது உங்க பேர் லிஸ்ட்ல இருக்காது, அதனால வருஷா வருஷம் விதைச்சதும் போய் ஒரு தடவ பாத்துட்டு வந்துருங்க.

ஸ்டெப் 3: கிராமத்து உள்ளாட்சி

இது மூணு அடுக்கு. கீழ கிராம ஊராட்சி, நடுவுல ஊராட்சி ஒன்றியம் (யூனியன்), மேல மாவட்ட ஊராட்சி. 388 யூனியன் இருக்கு. அரசியல் சட்டத்தோட 73வது திருத்தம் 1993 ஏப்ரல் 24ல அமலுக்கு வந்துச்சு, அதுக்கேத்த மாதிரி வந்ததுதான் 1994ஆம் வருஷத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், இன்னைக்கு வரைக்கும் அதுதான் அடிப்படை.

கிராமத்துல உள்ளாட்சித் தேர்தல் வந்தா ஒருத்தருக்கு நாலு ஓட்டு. ஊராட்சி வார்டு மெம்பருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, யூனியன் கவுன்சிலருக்கு பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் ரெண்டுலயும் கட்சி சின்னம் கிடையாது, பூட்டு சாவி, சீப்பு, ஆட்டோன்னு சுயேச்சை சின்னம்தான். யூனியன், மாவட்டம் ரெண்டும் கட்சி சின்னத்துல. தலைவர நீங்க நேரடியா தேர்ந்தெடுக்கறீங்க, யூனியன் சேர்மனையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள் உள்ள உக்காந்து தேர்ந்தெடுப்பாங்க. கவுன்சிலர்கள கார்ல ஏத்தி ரிசார்ட்டுக்கு கூட்டிட்டுப் போறதெல்லாம் இந்த மறைமுகத் தேர்தல்னாலதான். பெண்களுக்கு 50 சதவீதம் இடஒதுக்கீடு, 2016ல சட்டத்தத் திருத்தி கொண்டு வந்தாங்க.

என்னோட கணிப்ப கேட்டா, மூணுல வேலை நடக்கற இடம் ரெண்டுதான், ஊராட்சியும் யூனியனும். மாவட்ட ஊராட்சின்னு ஒண்ணு இருக்கறதே நிறைய பேருக்கு மஞ்சள் சீட்டு கையில வரும்போதுதான் ஞாபகம் வரும்.

கிராம ஊராட்சில தலைவர்தான் நிர்வாக அதிகாரி. ஆனா காச அவர் தனியா எடுக்க முடியாது, துணைத் தலைவரும் சேந்து ஒப்புதல் குடுக்கணும், அதனாலதான் இவங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்த ஊர்ல டேங்க் ஆபரேட்டர் சம்பளம் கூட நிக்கும். கணக்கு, ரசீது, தீர்மானப் புத்தகம் எல்லாம் பாக்கறவர் ஊராட்சி செயலர். தயவு செஞ்சு ஊராட்சி செயலரையும் விஏஓவையும் ஒண்ணா நினைக்காதீங்க, ஒருத்தர் ஊரக வளர்ச்சித்துறை பக்கம், இன்னொருத்தர் வருவாய்த்துறை.

யூனியன் ஆபீஸ்ல பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், ரெண்டு பேர் இருப்பாங்க. இது தெரியாமதான் பலர் அலையறாங்க. ஒருத்தர் வட்டார ஊராட்சி பிடிஓ, யூனியனோட சொந்த வேலைகள், யூனியன் ரோடு, யூனியன் ஸ்கூல் கட்டடம் மாதிரி. இன்னொருத்தர் கிராம ஊராட்சி பிடிஓ, உங்க ஊராட்சி மேல புகார் இருந்தா, தலைவர் தண்ணி விடலன்னா, வரி ரசீது தரலன்னா போக வேண்டியது இவர் கிட்ட. மனுவுல "வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி)"ன்னு போட்டு எழுதுங்க, வெறும் பிடிஓன்னு எழுதினா அந்த மனு ரெண்டு மேஜைக்கு நடுவுலயே கிடக்கும்.

கலெக்டர்தான் ஊராட்சிகளோட ஆய்வாளர். 1994 சட்டத்தோட 205வது பிரிவுல, விசாரணை நடத்தி ஊராட்சித் தலைவரையே நீக்கற அதிகாரம் வரைக்கும் அவர் கையில இருக்கு. ரெண்டு தண்டவாளமும் சேர்ற இடம்னு சொன்னது இதத்தான்.

ஒரு நடைமுறை விஷயம். 2016ல நடக்க வேண்டிய தேர்தல் தள்ளிப் போய் 2019 டிசம்பர்ல 27 மாவட்டத்துக்கும், 2021 அக்டோபர்ல மீதி 9 மாவட்டத்துக்கும் நடந்துச்சு. அந்த 27 மாவட்டத்துல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தாங்க. தலைவர் இல்லாத காலத்துல தலைவர் பண்ற வேலைய தனி அலுவலர்தான் பண்ணணும், "தலைவர் இல்ல, எலக்ஷன் வரட்டும்"னு உங்கள திருப்பி அனுப்பினா ஒத்துக்காதீங்க, தனி அலுவலர்னே மனுவ அட்ரஸ் பண்ணுங்க.

ஸ்டெப் 4: டவுன்காரங்களுக்கு

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. பேரூராட்சில செயல் அலுவலர், மத்த ரெண்டுலயும் கமிஷனர், இவங்க கிட்டதான் நிர்வாகம். சேர்மன், மேயர் எல்லாம் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கறவங்க, கடைசியா 2022 பிப்ரவரி 19ல ஓட்டுப் போட்டோமே அது. அப்ப 21 மாநகராட்சி, 2024ல புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி சேந்து 25 ஆச்சு. சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29ல ஆரம்பிச்சது, இப்ப 200 வார்டு, 426 சதுர கிலோமீட்டர்.

ஊர் மாநகராட்சியோட சேரப் போகுதுன்னு நியூஸ் வந்தா கிராமத்து மக்கள் ரோட்டுக்கு வந்து போராடறத பாத்திருப்பீங்க. வீம்புக்கு பண்றதில்ல அது. ஊராட்சி போச்சுன்னா நூறு நாள் வேலையும் போகும், வீட்டு வரி ஏறும், கிராம சபையும் கிடையாது.

சென்னைல மட்டும் ஒரு சிக்கல். மழைத் தண்ணி வடிகால், குப்பை, தெரு லைட் மாநகராட்சி. குடிதண்ணி, பாதாள சாக்கடை மெட்ரோ வாட்டர், அது தனி வாரியம். ரோட்டுல மூடி உடைஞ்சிருந்தா அது மழைநீர் வடிகால் மூடியா சாக்கடை மேன்ஹோலான்னு பாத்துட்டு கம்ப்ளைண்ட் பண்ணுங்க.

டவுன்ல இருந்தாலும் சாதி, வருமானம், வாரிசு சான்றிதழுக்கெல்லாம் தாலுகா ஆபீஸ்தான், மாநகராட்சி இல்ல. வருவாய்த்துறை தண்டவாளம் நகரத்துக்குள்ளயும் ஓடிட்டுதான் இருக்கு.

ஸ்டெப் 5: எந்த வேலைக்கு யாரு

சுருக்கமா ஒரு சூத்திரம்: நிலம், சான்றிதழ், பென்ஷன், ரேஷன் கார்டுன்னா வருவாய் பக்கம். தண்ணி, லைட், குப்பை, வீட்டு வரி, கடை லைசென்ஸ், கட்டட அனுமதின்னா உள்ளாட்சி. பத்திரம், வில்லங்கம்னா ரெண்டுமே இல்ல, சார்பதிவாளர்.

சாதி சான்றிதழ் எல்லாத்துக்கும் ஒரே ஆள் இல்லங்கறத கவனிங்க. பழங்குடியினர் சான்றிதழ கோட்டாட்சியர் குடுக்கணும், மத்தது தாலுகா ஆபீஸ்லயே முடியும். இ-சேவை மையத்துல முதல்ல கேன் நம்பர் (உங்களுக்குன்னு ஒரு பதிவு எண்) எடுக்கச் சொல்வாங்க, அத ஒரு தடவ எடுத்தா போதும், அடுத்தடுத்த சான்றிதழுக்கெல்லாம் அதே நம்பர்தான், மறக்காம போன்ல சேவ் பண்ணி வைங்க.

ரோடு கேஸ் கொஞ்சம் வில்லங்கம். ஊருக்குள்ள தெரு ஊராட்சியோடது, ஊர இணைக்கற சின்ன ரோடு பெரும்பாலும் யூனியனோடது, பஸ் ஓடற மாவட்டச் சாலை நெடுஞ்சாலைத்துறை. குளமும் அப்படித்தான், 40 ஹெக்டேருக்குக் கீழ ஆயக்கட்டு (அந்தக் குளத்துத் தண்ணி பாயற நிலம்) இருந்தா யூனியன் பொறுப்பு, அதுக்கு மேலன்னா நீர்வளத்துறை. ஏரி ஆக்கிரமிப்புன்னு மனு குடுக்கறதுக்கு முன்னாடி இத தெரிஞ்சுக்கலன்னா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கை காட்டுவாங்க.

இப்ப ஒரு குடும்பத்த எடுத்துக்குவோம். கிராமத்துல அப்பா இறந்துட்டார், அவர் பேர்ல வீடு, கொஞ்சம் புஞ்சை, ஒரு இபி கனெக்ஷன். பிள்ளைங்க என்ன பண்ணணும்?

முதல்ல இறப்ப 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும், அதுக்குள்ளன்னா அபராதம் இல்ல. கிராமத்து வீட்டுல இறந்தா விஏஓ கிட்ட, டவுன்ல இறந்தா அந்த உள்ளாட்சில. இங்க எந்த ஊர்ல இறந்தாரோ அந்த ஊர்தான் கணக்கு, சொந்த ஊர் இல்ல. மதுரை ஆஸ்பத்திரில இறந்தவருக்கு சொந்த கிராமத்துல பதிவு பண்ண முடியாது. சான்றிதழ் வந்ததும் பேர் ஸ்பெல்லிங்க ஆதாரோடயும் பத்திரத்தோடயும் வச்சு ஒரு தடவ பாருங்க. முத்துச்சாமி, முத்துசாமி, முத்துச்சாமி பிள்ளைன்னு மூணு இடத்துல மூணு மாதிரி இருந்தா இப்பவே சரி பண்ணிருங்க, அந்த ஒரு "ச்" பின்னால எல்லா மேஜைலயும் உங்கள நிக்க வைக்கும்.

ரெண்டாவது வாரிசு சான்றிதழ், தாசில்தார். இ-சேவைல பதிவு பண்ணினதும் அது விஏஓவுக்கும் ஆர்ஐக்கும் விசாரணைக்கு போகும். அவங்க அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க, எல்லா வாரிசும் சொல்லியிருக்கீங்களான்னு பாப்பாங்க. கல்யாணமாகி போன அக்காவ விட்டுட்டு எழுதறது, அதாங்க நம்ம ஊர்ல அதிகமா நடக்கற வேலை, அது பின்னாடி கோர்ட்ல போய் நிக்கும். வாரிசுங்களுக்குள்ள தகராறுன்னா தாசில்தார் கையெழுத்துப் போட மாட்டார், சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிடுவார்.

மூணாவது நிலம். எல்லாரும் கூட்டா வச்சுக்கறதா இருந்தா வாரிசு சான்றிதழ வச்சு கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கலாம். பிரிச்சுக்கறதா இருந்தா முதல்ல சார்பதிவாளர் ஆபீஸ்ல பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ (ஒருத்தர் தன் பங்க விட்டுக்குடுக்கறது) பதிவு பண்ணிட்டு, அப்புறம் பட்டா மாறுதல். இதுல ரெண்டு வகை, உட்பிரிவு இல்லாதது, உட்பிரிவு உள்ளது. முழு சர்வே நம்பரும் ஒருத்தருக்கே போகுதுன்னா பேர மட்டும் மாத்தினா போதும், சீக்கிரம் முடியும். ஒரு நம்பர மூணா வெட்டணும்னா சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்துல கோடு போட்டு, புது உட்பிரிவு நம்பர் குடுக்கணும், அதுக்கு நாளாகும். அளக்க வர்றப்போ பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டு நிக்க வைங்க, கல்ல அவர் கண்ணு முன்னாடியே நடுங்க.

பட்டா உத்தரவு தப்பா வந்தா சண்டை போட வேண்டாம், மேல்முறையீடு இருக்கு. தாசில்தார் உத்தரவுக்கு கோட்டாட்சியர் கிட்ட அப்பீல், அங்கயும் ஒத்து வரலன்னா டிஆர்ஓ கிட்ட சீராய்வு. நேரா கலெக்டர் கிட்ட மனு குடுத்தாலும் அது திரும்ப இந்த வழிலதான் கீழ இறங்கி வரும்.

நாலாவது வீட்டு வரி பேர் மாத்தம், இது ஊராட்சில. வீட்டு வரி ரசீது உங்க பேர்ல இருக்கறதால வீடு உங்களுதுன்னு ஆகாது, அது வரி கட்டினதுக்கு ரசீது, அவ்வளவுதான். பட்டா, பத்திரம்தான் பேசும். அஞ்சாவது இபி, அது மின்வாரியம், வருவாய்த்துறைக்கும் உள்ளாட்சிக்கும் சம்பந்தமே இல்ல.

ஒரு சாவுக்குப் பின்னாடி இத்தனை ஆபீஸ், ஆனா வரிசை மாறாம போனா ஒவ்வொண்ணும் அடுத்ததுக்குச் சாவி. தலைகீழா போறவங்கதான் மாசக்கணக்குல சுத்தறாங்க.

வீடு கட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை: 2024 ஜூலைல இருந்து சுயசான்று முறை இருக்கு. 2,500 சதுர அடி வரைக்கும் மனைல, 3,500 சதுர அடி வரைக்கும் தரைத்தளமோ அதுக்கு மேல ஒரு மாடியோ கட்டறதா இருந்தா ஆன்லைன்லயே நீங்களே உறுதி குடுத்து அனுமதி எடுத்துக்கலாம். அங்கீகாரம் இல்லாத மனைக்கு இது எடுபடாது, மனை வாங்கறதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியது அது.

ஸ்டெப் 6: கிராம சபைய சும்மா விடாதீங்க

வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்ன நாலுதான், தண்ணீர் தினமும் உள்ளாட்சி தினமும் 2022ல சேந்துச்சு. வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கற எல்லாரும் இதுல உறுப்பினர், யாரும் உங்கள "நீ யாரு"ன்னு கேக்க முடியாது.

குறைவெண் வரம்பு ஒண்ணு இருக்கு. ஜனத்தொகை 500 வரைக்கும்னா 50 பேர், 3,000 வரைக்கும் 100 பேர், 10,000 வரைக்கும் 200 பேர், அதுக்கு மேலன்னா 300 பேர் வரணும். வராத ஊர்ல என்ன நடக்கும்னு சொல்லவா, நோட்டு வீடு வீடா போகும், நூறு நாள் வேலை நடக்கற இடத்துக்குப் போகும், கையெழுத்து வாங்கிட்டு வந்துரும். மேல தீர்மானம் எழுதற இடம் காலியா இருக்கும், கீழ உங்க கையெழுத்து மட்டும் இருக்கும். அப்படி காலி பக்கத்துல போடாதீங்க. படிச்சுக் காட்டினதுக்கு அப்புறம், கடைசி வரிக்குக் கீழ இடம் விடாம போடுங்க.

போறவங்க மூணு விஷயம் கேளுங்க. முதல்ல, போன கூட்டத்துக்கு அப்புறம் வந்த வரவு செலவு கணக்க வாசிக்கச் சொல்லுங்க, போர்டுல ஒட்டியிருக்கோம்னு சொன்னாலும் வாசிக்கச் சொல்லுங்க. அப்புறம் போன தடவ போட்ட தீர்மானம் என்னாச்சுன்னு. மூணாவது உங்க கோரிக்கை. அத வாய்ல சொல்லிட்டு வராம பேப்பர்ல எழுதி, "இந்தப் பொருள் தீர்மானமா பதியப்படணும்"னு குடுத்து, பதிஞ்ச தீர்மான எண்ண வாங்குங்க. பின்னாடி கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கும்போது அந்த எண் இருந்தா மனுவோட கனமே வேற.

கூட்டமா உக்காந்து ஊர் கணக்கு பாக்கறது நமக்கு யாரும் புதுசா கத்துக்குடுக்கல, உத்திரமேரூர் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்து கல்வெட்டு இருக்கு, ஊர 30 குடும்பா பிரிச்சு, குடத்துல ஓலை போட்டு உறுப்பினர எடுத்தாங்க, கணக்கு காட்டாதவன் மட்டும் இல்ல அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாதுன்னு அதுல எழுதியிருக்கு. அன்னைக்கு அது பிராமணர் ஊர்ச்சபை, நிலம் வச்சிருக்கற ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் அந்தக் குடத்துல பேர் விழும், அதையும் சேத்தே சொல்லிடறேன்.

டவுன்ல இதுக்குப் பதிலா பகுதி சபைன்னு வார்டுக்குள்ள நடத்தறாங்க, எல்லா வார்டுலயும் உருப்படியா நடக்குதுன்னு சொல்ல மாட்டேன், உங்க கவுன்சிலர் கிட்ட தேதிய கேட்டு வைங்க.

ஸ்டெப் 7: மனு நகரலன்னா

எந்த மனுவ குடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காம வெளிய வராதீங்க, ஒரு நகல்ல சீல், தேதி, கையெழுத்து போதும். கீழ ஒரு தடவ குடுத்து நடக்கலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம், வீட்ல இருந்தே பண்ணணும்னா முதல்வர் ஹெல்ப்லைன் 1100. கீழ குடுத்த மனுவோட நகலையும் ஒப்புகையையும் சேத்து குடுங்க, இல்லன்னா "சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது"ன்னு மெசேஜ் வந்து கதை முடிஞ்சுரும்.

நிலக் கணக்குல தப்புன்னா ஜமாபந்திய, அதாவது கிராமக் கணக்கு தணிக்கைய, விடாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவ, பசலி முடியற நேரத்துல மே ஜூன் வாக்குல தாலுகா ஆபீஸ்ல நடக்கும், அந்த ஊர் கணக்கெல்லாம் மேஜை மேலயே விரிச்சிருக்கும், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் எல்லாரும் பெரிய ஆபீசர் முன்னாடி உக்காந்திருப்பாங்க, உங்க பிர்காவுக்கு எந்த நாள்னு விஏஓ ஆபீஸ்ல முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

அதுக்கும் மசியலன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த ஆபீஸோட பொதுத் தகவல் அலுவலருக்கு பதிவுத் தபால். "ஏன் பண்ணல"ன்னு கேக்காதீங்க, அதுக்கு பதில் சொல்லணும்னு சட்டம் இல்ல. "இந்தத் தேதில நான் குடுத்த மனு இப்ப எந்த அலுவலர் மேஜைல இருக்கு, அவர் பதவி என்ன, அந்த மனு மேல எழுதின குறிப்பு எல்லாத்தோட நகலும் வேணும்"னு கேளுங்க. 30 நாளுக்குள்ள பதில் வரணும், வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. நிறைய தடவ நடக்கறது என்னன்னா, அந்த முப்பது நாள் முடியறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல இருந்து போன் வரும், "சார் உங்க பட்டா ரெடி, வந்து வாங்கிக்கங்க, அந்த லெட்டர மட்டும் வாபஸ் வாங்கிடுங்க"ன்னு. பட்டா கைக்கு வந்து, பேரும் சர்வே நம்பரும் சரியா இருக்கான்னு பாத்ததுக்கு அப்புறம் அதப்பத்தி யோசிங்க.